சிவப்புக் கயிறு

என் மனைவி யுவனேஸ்வரிக்கு வருஷத் தெவசம் முடிந்த மறுநாள் காலை, லோரி எங்கள் வீட்டின் பின்பக்கம் வந்து நின்றது. மலை மேலே கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பினாங்கு போகிற லோரி. ஓட்டுகிற கோகிலன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான்.

“கடல்லேர்ந்து மலைக்கு மீன் ஏத்தியிருக்கேன் கிராணி. மலையிலேர்ந்து கடலுக்குச் சிப்பி ஏத்துறது இதான் மொத தடவ லா.”

சிரிப்பு வந்தது. மாமியார் பக்கத்தில் நின்றார். அடக்கிக்கொண்டேன்.

சிப்பி ஓடுகள் யுவா சேர்த்தவை. பினாங்கில் படித்த நாளில், துறைமுகத்தில் அழிந்துபோன சிப்பித் திட்டுகளை மறுபடி வளர்க்கிற குழுவில் தொண்டு செய்தவள். குஞ்சுச் சிப்பிகளுக்கு ஒட்டி வளரப் பழைய ஓடு வேண்டும். கல்யாணமாகி, நான் கிராணியாகக் கணக்கெழுதுகிற இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. தானா ராத்தா டவுனில், மேசையிலேயே கொதிக்கிற சூப்பில் சிப்பியும் மீனும் வேகவைத்துச் சாப்பிடுகிற ஸ்டீம்போட் கடைகளில் குப்பைக்குப் போகிற ஓடுகளைக் கேட்டு வாங்கி வருவாள். கோஸ் கட்டுகிற வலைப்பையில் போட்டுப் பின்பக்கம் கிடத்துவாள். ஒரு வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டில் இருக்கிற நோய் கடலிலுள்ள சிப்பிகளுக்குத் தொற்றும். எந்தப் பை எப்போது வந்தது என்று தெரிய, மாதத்துக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுவாள்.

சிவப்புதான் கடைசி. அதைக் கட்டிய மறுநாள் தலையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தாள்.

கோகிலன் பைகளை ஏற்றினான். சிவப்புக் கயிறு கட்டியதை மட்டும் ஓரமாக வைத்தேன்.

“அது ஏன் மாப்பிள்ள?” என்றார் மாமியார்.

“அதுக்கு இன்னும் வருஷம் ஆகல அத்தை.”

“நேத்துத்தான தெவசம் குடுத்தோம்?”

“திதி முன்னாடியே வந்துருச்சு. தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.”

“அவ செத்து வருஷம் ஆச்சாம். அவ கட்டுன பைக்கு ஆகலயாம். நல்லாருக்கு கணக்கு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “தெவசம் முடிஞ்சிருச்சு. எல்லாத்தயும் அனுப்பிடுங்க. எத்தன நாளைக்கு இப்படியே இருப்பீங்க? நானே பொண்ணு பாக்குறேன்னு சொல்லிட்டேன்ல.”

பையைத் தூக்கி லோரியில் போட்டேன். அவருக்காகப் போட்டதாக நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை. காலையில் பல் விளக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

நானும் லோரியிலேயே போனேன். அடுத்த நாள் துறைமுகத்தில் தொண்டர்கள் வரிசையாக நின்று ஓடுகளைப் படகுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். யுவாவுடன் படித்த புனிதா எங்கள் பைகளை ஒவ்வொன்றாக வாங்கினாள்.

“வருஷம் ஆச்சா அண்ணா?”

“ஆச்சு.”

சிவப்பு வந்தது. “இது?”

“ஆச்சு.” தெவசம் நடந்துவிட்டது. பொய்யில்லை.

புனிதா முடிச்சோடு மல்லுக்கட்டினாள். “இவ கட்டுனா அவுக்கவே முடியாது. மத்தவங்க பைய மூணு தடவ கேப்போம் அண்ணா. யுவா பைய கேக்கவே மாட்டோம். சும்மா ஒங்கள்ட்ட பேச்சுக் குடுத்தேன்.”

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவள் பையைச் சாய்த்தாள்.

“கொட்டாத,” என்றேன். “ஒரு வாரம் கொறையுது.”

புனிதா என்னையே பார்த்தாள். பிறகு பையை நிமிர்த்தினாள்.

“அடுத்த வருஷந்தான் மறுபடி போடுவோம். இங்கயே விட்டுட்டுப் போங்க. நான் காய வெச்சுக்குறேன்.”

விட்டிருக்கலாம். சரியென்று இரண்டடி நடந்தும்விட்டேன். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன். கயிற்றைக் கட்டினேன். அவள் போட்ட முடிச்சு வரவில்லை. மூன்று தடவை கட்டியும் வரவில்லை.

லோரியில் பையைப் பார்த்ததும் கோகிலன், “இது மறுபடியும் மலைக்கா?” என்றான்.

வீட்டின் பின்பக்கம் பைகள் கிடந்து புல் வெளுத்த இடங்கள் தெரிந்தன. கடைசி இடத்தில் பையை வைத்தேன். மாமியார் சமையலறைக் கதவருகே நின்று கயிற்றைப் பார்த்தார்.

“முடிச்ச அவுத்துட்டீங்களா?” என்றார்.

“ஆமா அத்தை.”

அவர் குனிந்து என் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.