நஞ்சுண்டனின் அரைஞாண்

குடல் முறுக்கிக்கொண்டு வயிறு உப்பிப்போன நஞ்சுண்டனைப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, டாக்டர் அவன் பெண்டாட்டி செல்லாத்தாளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வயிற்றைக் கிழித்துக் குடலைச் சரிசெய்துவிடலாம். ஆனால் தையலில் சீழ் பிடித்தால் பிழைப்பது கஷ்டம். பென்சிலின் வராத அந்தக் காலத்தில் சீழை அடக்க உருப்படியாக மருந்து ஏது? வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

செல்லாத்தாளுக்கு அந்த மனுஷனை விட்டால் ஆளில்லை. பிறந்த வீட்டைக் காலரா மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. "சீழ் வராதுங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றாள், ஏதோ வயலில் மாடு இறங்காமல் பார்த்துக்கொள்கிறவள் போல.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் எஸ்தர் அவன் வயிற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அயோடின் பூசினாள். இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றைக் கத்தரித்து, காதுக் கடுக்கனோடு காகிதத்தில் சுற்றிச் செல்லாத்தாளிடம் கொடுத்தாள். வாங்கியவள் அவன் வெறும் இடுப்பையே பார்த்தாள். கயிறு பழசானால் புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அவிழ்ப்பார்கள். அறுத்து வெறும் இடுப்பாக விடுவது பிணத்தை மட்டும்தான்.

வயிறு முழுக்கக் கட்டோடு நஞ்சுண்டன் படுக்கைக்கு வந்தான். மயக்கம் தெளியவில்லை.

"ஏனுங்கம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. கட்டைப் பிரிக்கச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் மஞ்சள், திருநீறு, வேப்பெண்ணெய் ஒண்ணும் அதுக்குள்ள போகக்கூடாது. தொடறதுக்கு முந்திக் கையைக் கழுவோணும்" என்று எஸ்தர் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

செல்லாத்தாள் கையைக் கழுவினாள். சொன்னபடி சோப்புப் போட்டு, முழங்கைவரை கழுவினாள். பிறகு காகிதத்தைப் பிரித்து, அறுந்த கயிற்றை முடிந்து அவன் இடுப்பில் கட்டினாள். வெளியே தெரிந்தால் மறுபடி அறுத்துவிடுவார்களே என்று கட்டின் கீழ் விளிம்பைத் தூக்கி உள்ளே செருகினாள். புதுசு வாங்க ஓடுவதற்கு நேரமில்லை. அவன் கண் விழிக்கிறபோது உயிருள்ள ஆம்பளையாக விழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

கிணற்றுச் சேறும் கட்டுத்தரைச் சாணியும் வருஷக்கணக்கான வேர்வையும் ஊறிய கயிறு. யாரைத் திட்டுவது? எஸ்தர் மஞ்சளைச் சொன்னாள், திருநீற்றைச் சொன்னாள். தன் கையாலேயே அறுத்துக் கொடுத்த கயிற்றைப் பற்றிச் சொல்ல அவளுக்கு எப்படித் தோன்றும்? செல்லாத்தாளுக்கோ அது மேலே போடுகிற பொருளே இல்லை. அது அவன் உடம்பு.

அதன் பிறகு அவள் காத்த காவல் இருக்கிறதே! நஞ்சுண்டனின் அக்கா பாவாத்தாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பிக்கு ஒரு விரல் தடவிப்போட்டுப் போறேன், நகரு கண்ணு."

"அக்கட்டப் போங்க நங்கையா! தொட்டீங்கன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன்."

பாவாத்தாள் அழுதுகொண்டு போனாள். செல்லாத்தாள் ஈயை விரட்டினாள், கோயில் திருநீற்றோடு வந்த உறவுக்காரர்களை விரட்டினாள், தூங்காமல் கண் சிவந்து கிடந்தாள். இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை என்று டாக்டரே பாராட்டினார். அந்தப் பாராட்டை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

காய்ச்சல் வந்தது. நஞ்சுண்டன் பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கினான். கட்டிலைச் சுற்றி நாற்றம் வந்தபோது எஸ்தர் கட்டைப் பிரித்தாள். தையலின் கீழ்ப்பாதி வாய் பிளந்து சீழ் வழிந்தது. அந்தச் சீழுக்குள் கறுப்பாகக் கிடந்தது கயிறு.

எஸ்தர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தரிக்கோலை எடுத்தாள். செல்லாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க! உசுரு இருக்கறப்ப அறுக்கக்கூடாதுங்க!"

"இது இருந்தா உசுரு இருக்காதுங்கம்மா. இதுலிருந்துதான் சீழ்."

செல்லாத்தாள் கயிற்றைப் பார்த்தாள். புண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் பாவி. கத்தரிக்கோலை வாங்கித் தானே அறுத்தாள்.

நஞ்சுண்டன் கண்ணைத் திறந்தான். கை மெதுவாக இடுப்பைத் தடவியது.

"அதை ஏன் அம்மணி அறுத்தே? நான் இன்னும் போகலியே."

"போகக்கூடாதுன்னுதானுங்க மாமா. போயராதீங்க. நான் ஆருகிட்டப் போவேன்?"

டாக்டர் தையலைப் பிரித்துப் புண்ணைக் கழுவினார். மறுபடியும் மறுபடியும் கழுவினார். அவர் சொன்னதையெல்லாம் செல்லாத்தாள் செய்தாள். துணியை வேக வைத்தாள், கையைத் தோல் உரியக் கழுவினாள், அவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. ஒரு மத்தியானம் அவள் விசிறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

தோட்டத்துக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். கடைசியாக அரைஞாணை அறுக்கப் பெரியப்பன் செங்கோட்டையன் கத்தியோடு குனிந்தார். இடுப்பைச் சுற்றிக் கையை ஓட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"கவுறு எங்க? உசுரோட இருக்கறப்பவே அறுத்துப்போட்டாங்களா? ஆரு செஞ்சது?"

பெண்கள் நடுவிலிருந்து செல்லாத்தாள் எழுந்தாள். சோப்பில் வெந்து தோல் உரிந்திருந்த இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள்.

"நான்தானுங்க. அறுத்ததும் நான்தான், கட்டுனதும் நான்தானுங்க."