குண்டு விழும் இடம்

ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் துப்பாக்கி சுட்டுப் பழகிய ஜல்லிக்குழியை அரசாங்கம் மூடிவிட்டது. மூடாமல் என்ன செய்யும்? எங்கிருந்தோ வந்த தறுதலைகள் உடைந்த டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் கொண்டுவந்து வைத்துச் சுட்டுவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில், நெவாடாவின் அந்த மூலையில் குடும்பம் குடும்பமாகக் கூடும் இலையுதிர்காலச் சுடும் போட்டிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"என் பண்ணையில வச்சுக்கலாமே" என்றான் ராய்ஸ். வெர்னாவின் தம்பி. கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். வெர்னாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பண்ணைக்குப் போனால் அவன் வைத்ததுதான் சட்டம். யார் முதலில் சுடுவது, எந்த மேசை யாருக்கு, யார் வரக்கூடாது, எல்லாம் அவன்தான். ஒரு தடவை போய்விட்டால் அப்புறம் அது ஊர்ப் போட்டி இல்லை, ராய்ஸ் வீட்டு விருந்து.

"கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பொதுநிலம் கெடக்கு. உன் வாசல்ல வந்து நிக்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்தா? இடத்தை நான் பாத்துத் தர்றேன்" என்றாள்.

"பாரு அக்கா, பாரு. கிடைக்கலேன்னா சொல்லு, காப்பி போட்டு வைக்கிறேன்."

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா. அந்த வட்டாரத்தில் அவள் சக்கரம் படாத மண்பாதை கிடையாது. ஆனால் ரயில் பாதை போட்ட காலத்திலேயே அங்கே நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி வெட்டிவிட்டார்கள். ஒரு கட்டம் அரசுக்கு, அதுதான் பொதுநிலம்; அடுத்த கட்டம் யாருக்காவது. வேலியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. அவள் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தாள். கடைசியில் சேஜ் புதர்களுக்கு நடுவே பித்தளைத் தலை வைத்த எல்லைக்கல் ஒன்று அகப்பட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் பொதுநிலம். சாலை தூரத்தில், வீடு ஒன்றுகூடக் கிடையாது, எதிரே குண்டுகளை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய மண்மலை. இதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை காலை எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். துப்பாக்கியை ஊன்றிச் சுட மேசைகள் விரித்தாயிற்று, மலையடியில் காகித இலக்குகள் நட்டாயிற்று. அடுப்பில் சில்லி என்கிற கறிக்குழம்பு கொதித்தது. ராய்ஸும் மனைவி நடீனும் கடைசியாக வந்தார்கள். ராய்ஸ் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தான். முதல் ஆள் துப்பாக்கியில் குண்டு போடப் போகும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, நீ நிக்கிற இடம் பொதுநிலம்தான். குண்டு விழற இடம் யாரோடது?"

வெர்னா சட்டென்று திரும்பினாள். கல்லைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். கல்லைத் தாண்டித்தான் மலை. நிற்கும் கட்டத்தை ஆயிரம் தடவை சரிபார்த்தவள், அடுத்த கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

"போன வசந்தத்துல நான்தான் வாங்கினேன்" என்றான் ராய்ஸ். "பரவாயில்ல, சுடுங்க. என் மலைதானே. ஆனா என் மலைன்னா என் முறைப்படி."

படுபாவி, இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்தான்! கூட்டமோ, "அதான் சம்மதிச்சுட்டானே, ஆரம்பிப்போம்" என்று முணுமுணுத்தது. குளிர், பசி வேறு.

"ஒரு குண்டும் போகக்கூடாது!" என்று வெர்னா கத்தினாள். "தப்பு என்னோடதுதான். நான் ஒரு மக்கு, ஒத்துக்கிறேன். இலக்கெல்லாம் புடுங்குங்க. எல்லாத்தையும் அப்படியே திருப்புறோம்."

பின்பக்கம் ஒரு காய்ந்த ஓடை. அதன் எதிர்க்கரை இரண்டாள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. இந்தத் தடவை ஓடையையும் கரையையும் கரைக்குப் பின்னால் உள்ளதையும் வரைபடத்தில் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடமும் காட்டினாள். எல்லாம் பொதுநிலம். தானே ஒரு இலக்கைப் பிடுங்கிக்கொண்டுபோய் எதிர்க்கரையில் நட்டுவிட்டு வந்தாள்.

"அந்தப் பள்ளத்துலயா?" ராய்ஸ் சிரித்தான். "மணல்ல மேசை நிக்காது."

"நாம படுத்துக்கிட்டே சுடலாம்."

"இந்த வயசுல நான் புழுதியில வயித்தால படுக்கணுமா? எனக்கு என்ன வந்துச்சு?"

"படுக்காட்டிப் போ. எங்களோட சுடணும்னா படு. உன் இஷ்டம்."

கூட்டம் தயங்கியது. யாரும் நகரவில்லை. அவ்வளவுதான், போட்டி பண்ணைக்குப் போய்விட்டது என்று நினைத்தாள் வெர்னா. அப்போது நடீன் கணவனின் தோளிலிருந்து துப்பாக்கியைக் கழற்றினாள். ஓடைக்குள் இறங்கி, போட்டிருந்த நல்ல மேல்கோட்டோடு அப்படியே மணலில் குப்புறப் படுத்தாள்.

"நீயா? உனக்கு எங்க சுடத் தெரியும்?" என்றான் ராய்ஸ்.

"தெரியாது. பண்ணையில இருவது வருஷமா காப்பிதான் ஊத்தியிருக்கேன்" என்றாள் நடீன். "வெர்னா, இங்க சுட யாருகிட்டயாவது கேக்கணுமா?"

"ஒருத்தருகிட்டயும் கேக்க வேண்டாம், கண்ணு." வெர்னாவும் ஓடைக்குள் இறங்கினாள். பக்கத்தில் மண்டியிட்டு, குண்டு போடுவதையும் தோளில் அணைப்பதையும் காட்டிக்கொடுத்தாள். கூட்டம் ஒவ்வொருவராக இறங்கி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றது.

நடீன் சுட்டாள். இலக்குக்கு எட்டடி தள்ளிக் கரையில் மண் தெறித்தது.

"அய்யோ, அப்படியா புடிக்கிறது? முழங்கையை உள்ள..." என்று மேலேயிருந்து ராய்ஸ் ஆரம்பித்தான்.

வெர்னா அவனை ஒரு பிடி பிடிக்கத் திரும்பினாள். அதற்குள் நடீன், இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ராய்ஸ், இது உன் நிலம் இல்ல. வாய மூடு."