முதல் மடக்கு

ஆற்றில் மொண்ட செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு யூனிஸ் பின்வாசல் வழியாக நுழைந்தாள். கூடத்தில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் இன்னும் கிளம்பவில்லை.

வாசலில் குதிரைவண்டி காத்து நின்றது. டாக்டர் நேசையா அன்று பதினொரு மணிக்கு நகரசபைத் தலைவராகப் பொறுப்பேற்க வேண்டும். உள்ளறைக் கட்டிலில் அம்மா சாரம்மாள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தாள். நெஞ்சு நோய். நாலு மாதமாகிறது.

விடிந்ததும் அம்மா மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, ஒரு மடக்கு ஆத்துத் தண்ணி கொண்டா. ஒம்பது வருசமா வெந்நீ குடிச்சு என் நாக்கே வெந்து போச்சு."

அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பது பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம். ஊரார் அப்பாவுக்கு வைத்த பெயரே 'வெந்நீர் டாக்டர்'. நேற்றுகூட அவரே அடுப்பு மூட்டி, கொதித்ததை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, அம்மாவுக்குக் கரண்டியால் புகட்டினார். அவர் அப்படிப் புகட்டும்வரை அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று யூனிஸ் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது இடுப்பில் அந்தச் சின்னச் செம்பு கனத்தது.

சீவலப்பேரியில் காலரா கண்ட வருஷம் அவளுக்கு எட்டு வயது. சுகாதார டாக்டரான அப்பா கிணறு கிணறாக மருந்து கரைத்துக்கொண்டு போனார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறியதும் ஊர் திரண்டுவிட்டது. டாக்டர் விஷம் கலக்குகிறார் என்றார்கள். முந்தின நாள்தான் பிள்ளையைப் பறிகொடுத்திருந்த கோமு என்பவள் வாளியோடு வந்து மறித்தாள்.

"அம்புட்டு நல்ல தண்ணின்னா ஒம்ம பொண்டாட்டிக்குக் குடும், பாப்போம்."

வில்வண்டியில் இருந்த அம்மா இறங்கி வந்தாள். அந்த வாளியிலேயே கையை விட்டு அள்ளிக் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, தாயி. நீயும் ஒரு மடக்கு குடி."

அதற்குப் பிறகு எந்த ஊர்க் கிணறானாலும் முதல் மடக்கு அம்மாவுடையது. ஒருநாள் திரும்பி வரும் வழியில்தான் அவள் சொன்னாள். "எத்தன கெணத்துக்கு நான் குடிச்சுக் காட்ட முடியும்? ஊருக்குக் குழாய் போட முடிவு பண்ணுத எடத்துல போயி உக்காருங்க." மறு வருஷம் அப்பா சர்க்கார் வேலையை விட்டு நகரசபைத் தேர்தலில் நின்றார்; அன்றிலிருந்து அம்மாவுக்கும் வெந்நீர்தான்.

"செம்புல என்ன?"

உள்ளறை வாசலில் அப்பா எதிரே நின்றார். கருப்புக் கோட்டின் கடைசிப் பொத்தானை இன்னும் மாட்டியிருக்கவில்லை.

"ஆத்துத் தண்ணி. அம்மா கேட்டா."

"கொதிக்க வச்சியா?"

"இல்ல."

அவர் கட்டில் பக்கம் பார்த்தார். சாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செம்பை வாங்கி, தம்ளரில் ஊற்றி, வழக்கம்போல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு மணல் துகள்கள் மெல்ல அடியில் இறங்கின. கட்டிலோரம் உட்கார்ந்தார். முதல் மடக்கை அவரே குடித்தார்.

சாரம்மாளின் உதட்டில் சிரிப்பு வந்தது. "அது என் வேலைல்லா?"

"இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன்." அவர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தார். "நல்லாத்தான் இருக்கு, சாரா. நீயும் ஒரு மடக்கு குடி."



சாரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. நேரமாகுது, கிளம்புங்க என்றாள். அவர் தலையாட்டினார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பத்தரை மணிக்கு அவள் விரல்கள்தான் முதலில் தளர்ந்தன.

வண்டிக்காரனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வர முடியாது, குழாய் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் முதலில் எடுக்கவேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் கேட்க வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நடுவே அப்பாவைக் காணாமல் யூனிஸ் அடுக்களைக்குப் போனாள்.

நகரசபைக்குப் போட்ட கோட்டோடு அவர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். அடுப்பில் பெரிய அண்டா.

"வாறவங்க குடிக்கணும்லா" என்றார், திரும்பாமல்.

அவள் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொதிக்க இன்னும் நேரமிருந்தது.