ஒரு ஆளே போதும்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறார். பெரிய பெரிய இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டி, கையைக் காட்டி, கிரேனில் ஏற்றிவிடுகிற வேலை. ஊரான் கப்பலுக்கு உச்சிவரை இரும்பு ஏற்றத் தெரிந்த மனுஷனுக்குச் சொந்த மரத்தைக் கரையேற்ற வர நேரமில்லை. இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். போனில் சிரிப்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

லால்குடிப் பக்கம் கொள்ளிடக் கரைக்குக் கீழே எங்களுக்கு ஒரு துண்டுப் படுகை நிலம் இருக்கிறது. கரைமேல் ரோடு. அதிலிருந்து செங்குத்தாக இறங்கினால் எங்கள் நிலம், அதைத் தாண்டினால் ஆறு. டிராக்டர் இறங்காது. அங்கே எது விளைந்தாலும் கரையேறி வந்தால்தான் காசு. அவர் முதன்முதலாக சிங்கப்பூர் கிளம்பிய வருஷம் அதில் மலைவேம்பு நட்டோம். கடைசிக் கன்றுக்கு மண்ணை மிதித்துவிட்டு, "இது வெட்டுக்கு வர்றப்ப நான் வந்துடுவேன் யமுனா. ரெண்டு பேருமா இழுத்து மேல போடுவோம். அதுக்கப்புறம் எங்கயும் போகல" என்றார். நான் நம்பினேன். இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன், அதுதான் என் வியாதி.

நடுவில் லீவில் வந்தார். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எங்கள் பெண், பாப்பா, நர்சிங் சேர்ந்தாள். மரங்களும் யாருக்கும் காத்திராமல் வளர்ந்தன. இந்த வைகாசியில் பிளைவுட் கம்பெனிக்கு மரம் எடுக்கிற ஜமீல் வந்து, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்துவிட்டு, வெட்டலாம் என்றார். மேட்டூரில் தண்ணீர் நிறைந்து கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் படுகை முங்கிவிடும், அதற்குள் கட்டைகளைக் கரைமேல் அடுக்கிவிட்டால் லாரி அனுப்புகிறேன் என்றார். வெட்டுவதற்கு ஆள் உண்டு. இழுக்கத்தான் ஆள் கிடையாது. அந்த வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லை, கூப்பிட்டால் முதுகைத் தடவிக் காட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டேன். "மரம் வெட்டுக்கு வந்துடுச்சுங்க" என்றேன். பத்திரிகை வைத்து அழைக்கிற மாதிரி அத்தனை பவிசாகத்தான் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான். எத்தனை மரம், எவ்வளவு பருமன் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு வின்ச் வாங்கிடுவோம்" என்றார்.

வின்ச் என்றால் கம்பி கட்டிப் பாரம் இழுக்கிற மெஷின். அதை வாங்கினால் அவர் வரமாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வரப்போகிறவர், வந்தால் சிரமப்படாமல் இழுக்கலாம் என்று யோசிக்கிறார் என நினைத்துக்கொண்டேன். ஆசை இருக்கிற இடத்தில் புத்தி வேலை செய்யாது அல்லவா?

கல்யாணமான புதிதில் அந்தக் கரையில் நாங்கள் மூங்கில் இழுத்திருக்கிறோம். அவர் மேலே, பனைமரத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கீழே கடப்பாரையோடு. கீழே இருக்கிற ஆள் குரல் கொடுத்தால்தான் மேலே இருக்கிற ஆள் இழுக்கலாம், அது முறை. இல்லாவிட்டால் கால் போய்விடும். நான் "என்னங்க" என்று குரல் கொடுப்பேன். ஒருநாள் ஆற்றங்காற்றில் அந்த "என்னங்க" திசைமாறிப் போய், கரையோரம் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் "என்னம்மா?" என்று கேட்டுவிட்டார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பேரைச் சொல்லியே கூப்பிடு, இங்க யாரு கேக்கப்போறா" என்றார்.

வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் மாமியார் ஊரைக் கூட்டிவிடுவார். படுகையில் மட்டும் கத்துவேன்: "பிச்சமுத்து, இழு!" மரியாதையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே இழுப்பார். அந்தச் சுகத்துக்காகவே, கட்டாகக் கட்டி ஏற்ற வேண்டிய மூங்கிலை ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறோம்.

வின்ச் பார்க்க ஒரு வியாழக்கிழமை திருச்சிக்குப் போனேன். கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான், "ரங்கநாதா, நீ படுத்துக்கொண்டே இரு, நான் வேண்டாமென்று சொல்லவில்லை, என் ஆளை மட்டும் எழுப்பி அனுப்பு" என்று கேட்டுக்கொண்டேன்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் காஜா மைதீன் பாயின் கடை. என் வீட்டுக்காரர் தன் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல், கையில் சோற்றுப் பொட்டலத்தோடு. முன்பைவிட நரைத்திருந்தார். போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், போனில் அழுக்கு இல்லை.

பாய் முதலில், கையால் லீவரை ஆட்டி இழுக்கிற மெஷினைக் காட்டினார். "மெதுவாத்தாம்மா இழுக்கும். ஆனா என்ன கனமா இருந்தாலும் விடாது. ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் மேல லீவர் ஆட்டணும், ஒருத்தர் கீழ கட்டை பொரளாம பாத்துக்கணும்."

"இதையே குடுங்க" என்றேன்.

"இரு யமுனா, அவசரப்படாத. மத்ததையும் பாக்கலாம்" என்றது போன்.

அடுத்தது பெட்ரோல் மெஷின். கயிற்றை உருளையில் சுற்றி இழுத்துக்கொண்டே போகலாம், எத்தனை நீளக் கயிறானாலும் சரி. பாய் அதைக் கிளப்பிக் காட்டியதும் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. இவர் அங்கிருந்தபடியே கயிற்றின் தடிமனைக் கேட்டார், கொக்கியைத் திருப்பிக் காட்டச் சொன்னார், உருளையில் கயிறு வழுக்காதா என்று கேட்டார். வேலைக்காரர்தான். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

மூன்றாவது பேட்டரி மெஷின். தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவுதான். மேலே மரத்தில் பட்டையால் கட்டிவிட்டு, கம்பியை இழுத்துக்கொண்டு கீழே போக வேண்டியது. கட்டையில் மாட்டிவிட்டுக் கையிலிருக்கிற ரிமோட்டை அழுத்தினால் அதுவே இழுக்கும்.

"பாய், இதான். இதையே போட்டுடுங்க" என்றார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "கீழ நின்னு நீயே கட்டி, நீயே அழுத்திக்கலாம் யமுனா. ஒரு ஆளே போதும்" என்றார்.

கடையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்கு அப்போதுதான் கேட்டது.

"எந்த ஒரு ஆள்?" என்று கேட்டேன்.

அவர் பொட்டலத்தை மூடினார். "பெர்மிட்டைப் புதுப்பிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம். பாப்பா நர்சிங் முடிச்சுட்டா அப்புறம் நான் ஏன் இங்க இருக்கப்போறேன், சொல்லு."

"முன்னாடி மரம் முத்தட்டும்னீங்க. இப்ப பாப்பா படிக்கட்டும்ங்கறீங்க. நானுந்தான் முத்திக்கிட்டு இருக்கேன். என்னை எப்ப வந்து பாப்பீங்க?"

காஜா மைதீன் பாய் அவசரமாக ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த போனுக்குள்ளிருந்து "யமுனா, யமுனா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் கோபத்துக்காக மேட்டூரில் தண்ணீர் நிற்கப்போவதில்லை. பேட்டரி மெஷினையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் எதையும் கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்த வாரம் மரம் வெட்டுகிற பீமராவ் தன் மெஷின் ரம்பத்தோடு வந்து, கரையோரத்து வரிசையை மட்டும் முதலில் சாய்த்து, கிளை கழித்து, துண்டு போட்டுவிட்டுப் போனார். நான் வின்ச்சைப் பனைமரத்தில் கட்டினேன். ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியோடு இறங்கினேன். முதல் கட்டையைச் சங்கிலியால் சுற்றிக் கொக்கியை மாட்டி, நாலடி தள்ளி நின்றுகொண்டு, வாய்ப் பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"பிச்சமுத்து, இழு!"

கரைமேல் பனைமரம்தான் நின்றது. பட்டனை அழுத்தினேன்.

கட்டை ஒரு முறை அசைந்தது. பிறகு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி சமர்த்தாகக் கரையேறிப் போனது. விட்டால் நின்றது, அழுத்தினால் ஏறியது. இரண்டாவது கட்டையும் ஏறியது. கிளைகளைக் கட்டாகக் கட்டி மாட்டினேன், அவையும் ஏறின. சாப்பிடக்கூட உட்காரவில்லை. வெயில் தாழும் முன்பே ஒரு வரிசை முழுவதும் கரைமேல் வந்து, நானே கடப்பாரையால் புரட்டி ஒழுங்காக அடுக்கியும் விட்டேன்.

ஒரு குறை சொல்ல முடியாத மெஷின். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் இல்லாமல் எது நடக்காது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேனோ, அது ஒரு பட்டனில் நடந்துவிட்டது. இனி அவர் எதற்கு வரவேண்டும்? இவள் சமாளித்துக்கொள்வாள் என்று அங்கேயே நிம்மதியாக இருந்துவிடுவார். சமாளிக்கத்தான் போகிறேன். அதற்காக எனக்கு அவர் வேண்டாமென்றாகிவிடுமா? உடம்பெல்லாம் மண்ணும் மரப்பிசினுமாகக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவர் வேண்டும். மரம் இழுக்க வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், மேலே சும்மா நின்றால் போதும்.

அப்போது வீடியோ கால் வந்தது. ஷிப்ட் முடிந்திருந்தது போலிருக்கிறது, தலை ஈரமாக இருந்தது.

"மெஷின் எப்படி? வேலை செய்யுதா?"

"இல்லைங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு நிறுத்தவும் மனசில்லை. "பாதிக் கரை ஏறுறதுக்குள்ள நின்னுடுது. ஒரு கட்டைகூட மேல வரல. இது ஒரு ஆளால ஆகுற வேலை இல்லைங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குமேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், இடுப்புயரத்துக்கு, நான் அடுக்கிய அத்தனை கட்டைகளும் வெட்டுவாய் மின்ன நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் கிளைக் கட்டுகள்.

போனைத் திருப்பிப் பிரயோஜனமில்லை. முகம் சுட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் ஈரத்தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு வேலை விஷயம் விசாரிக்கிற அதே குரலில் கேட்டார்.

"மோட்டார் சத்தம் எப்படி வருது?"

"அழுவுற மாதிரி வருது."

"ம். கம்பி?"

"அதுவும் சரியில்லை."

"அப்படித்தான் இருக்கும்" என்றார். "இது போன்ல பாத்துச் சொல்ற கோளாறு இல்ல யமுனா. நேர்ல வந்து பாத்தாத்தான் சரியாகும். நாளைக்குக் காலையில சூப்பர்வைசர்கிட்ட பேசறேன். லீவு இல்ல, கணக்கு முடிச்சுடச் சொல்றேன். நான் வர்ற வரைக்கும் மீதி மரத்தைத் தொடாத, அப்படியே நிக்கட்டும்."