பாறணைப் பீற்றூட்

பத்மாசினியின் அழைப்பு வந்தபோது சுபாஜினி வயர் பூட்டிய மேற்சட்டைகளைத் துடைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சுபா, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். சலம் ஒரு மாதிரிப் போகுது. வெறுந்தேத்தண்ணி நிறம்.”

சுபாஜினியின் கை நின்றுவிட்டது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சித் தசைகளை இயக்கும் மின்பயிற்சியைக் கொழும்பில் படித்த மூன்று கிழமையும் அவளுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்த அபாயக்குறி அதுதான். மின்சாரத்தை அளவுமீறி ஏற்றினால் தசை உடைந்து இரத்தத்தில் கலக்கும், சிறுநீர் தேநீர் நிறமாகும், சிறுநீரகம் அடைபடும், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த வரியைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

“இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள், மச்சாள்?”

“விரதம் முடிச்ச பாறணைக்குப் பீற்றூட் கறி. இவர் விடியவே தோட்டத்திலை கிண்டிக்கொண்டு வந்து தந்தவர்.”

“அப்ப உது பீற்றூட்டுதான். தண்ணியைக் கூடக் குடியுங்கோ.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். நீ படிச்ச பிள்ளை, சொன்னால் சரிதானே.”

பீற்றூட் தின்றால் சிவப்பாகப் போகும். தேத்தண்ணி நிறத்தில் போகாது. அச்சுவேலித் தோட்டக்காரன் பெண்சாதிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பின்னேரம் இரண்டு பேருக்கும் அது பீற்றூட்டாக இருந்தே ஆகவேண்டியிருந்தது.

பத்மாசினி, சுபாஜினியின் கணவன் சிவதர்ஷனுக்கு அக்கா. நெல்லியடிச் சந்தியில் ஒரு கடையின் மேல்மாடியை எடுத்து இந்தப் பயிற்சி இடத்தைத் திறக்கப்போகிறேன் என்று சுபாஜினி சொன்னபோது, புகுந்த வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆட்களுக்குக் கரண்ட் அடிக்கிறதும் ஒரு தொழிலோ என்று மாமனார் கேட்டார். “அவள் படிச்சு வந்த வேலை, செய்யட்டும்” என்று ஒற்றை ஆளாய் நின்று வாதாடியவள் பத்மாசினிதான். அந்த நன்றி சுபாஜினியின் நெஞ்சில் எப்போதும் இருந்தது. பிறகு வந்த வினையும் அந்த நன்றியால்தான் வந்தது.

நாற்பத்தாறு வயதில் பத்மாசினிக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நடக்கச் சொன்னார்கள். அச்சுவேலியில் ஒரு பெண் சும்மா நடந்துவிட முடியுமா? முதல் வீட்டுப் படலையில் “எங்கை போறியள்?”, அடுத்த படலையில் “ஆருக்குச் சுகமில்லை?”, மூன்றாவது படலையில் தேத்தண்ணி. மூன்று நாள் நடந்து பார்த்தாள். ஊரே அவள் புருஷனிடம் வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரித்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடத்தில் முடிகிற பயிற்சி அவளுக்குச் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அவள் வந்த நாள்தான் பிழை. பிள்ளையார் பெருங்கதை விரதத்தின் இருபத்தோராம் நாள். இருபது நாளாக ஒருநேரச் சாப்பாடு, அன்றைக்கு அதுவும் இல்லை. அவள் கணவர் முத்துக்குமாரு பகல் முழுக்கக் கோவிலில் நிற்பார், எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை என்பதால் அந்த நாளையே தேர்ந்தெடுத்திருந்தாள்.

“வெறுவயித்தோடை செய்யக்கூடாது, மச்சாள். பாறணை முடிச்சு ரண்டு நாளாலை வாங்கோ.”

“பிறகு எனக்கு எப்ப வாய்க்கும்? பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். நீ பூட்டு.”

சுபாஜினி பூட்டினாள். மின்சாரம் பிடிப்பதற்காக மேற்சட்டைக்கும் தொடைப்பட்டிக்கும் தண்ணீர் தெளித்தாள். பத்மாசினி அன்று குடித்த தண்ணீரைவிட அந்தச் சட்டை குடித்தது அதிகம். நாலு செக்கன் மின்சாரம், நாலு செக்கன் ஓய்வு. முதல்முறை வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம், பாதி அளவு, அதற்குமேல் இல்லை என்பது சட்டம்.

“உது எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு. கூட்டு, சுபா.”

கூட்டினாள். பத்மாசினி திரும்பவும் கேட்டாள், சுபாஜினி திரும்பவும் கூட்டினாள். இருபது நிமிடம் ஓடியது. மாடிப்படி இறங்கும்போது பத்மாசினி கைபிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே, இவருக்கும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பீற்றூட் என்று சொன்ன இரவு சுபாஜினி கண் மூடவில்லை. நாலு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்தாள், நாலு தடவையும் வைத்தாள். விடிந்தபோது முத்துக்குமாருவே அழைத்தார். பத்மாசினிக்குக் கை கால் அசைக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் நிற்கிறோம் என்றார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அவர் வேட்டியில் தோட்டத்து மண்ணோடு நின்றார். சுபாஜினியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. உந்தப் பீற்றூட்டுக்கு நாலு நாளைக்கு முன்னந்தான் மருந்தடிச்சனான். ரண்டு கிழமை பொறுக்கவேணும். பாறணைக்கு அவள் ஆசைப்பட்டாள் எண்டு கிண்டிக் குடுத்திட்டன். என்ரை கையாலை நஞ்சைக் குடுத்திட்டன்.”

உண்மை சுபாஜினியின் வாய்வரை வந்தது, ஆனால் அவள் சொல்லவில்லை. நெல்லியடி மாடியும் மாமனாரின் முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றன. தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது.

கட்டிலில் பத்மாசினியின் முகம் வீங்கியிருந்தது. சுபாஜினி பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இளம் பெண் டொக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

“தோட்டவேலை செய்யிற ஆக்களோ? வெள்ளத்துக்கை இறங்கினவவோ?”

“ஓம், வாய்க்காலுக்கை நிண்டவ,” என்றார் முத்துக்குமாரு.

“மாரிகாலம். கால் நோ, சலம் கறுப்பு. எலிக்காய்ச்சலாயும் இருக்கலாம். முதல் அதுக்கு மருந்தைத் தொடங்குவம். வேறை ஏதும் நடந்ததோ? பாரம் தூக்கினது, உடற்பயிற்சி?”

எலிக்காய்ச்சல். யார்மீதும் பிழையில்லாத ஒரு நோய். பத்மாசினி சுபாஜினியின் கையை இறுக்கினாள். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினாள். தனக்காகவும் கெஞ்சினாள், தம்பி பெண்சாதிக்காகவும் கெஞ்சினாள்.

“உடற்பயிற்சி செய்தவ, டொக்டர்,” என்றாள் சுபாஜினி. “முந்தநாள், என்ரை இடத்திலை. உடம்புக்குக் கரண்ட் குடுக்கிற பயிற்சி. விரதத்தோடை இருந்தவ. பன்னிரண்டு நிமிசம் குடுக்கவேண்டியதை இருபது நிமிசம் குடுத்தனான், அளவையும் கூட்டினனான்.”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். தாதியைக் கூப்பிட்டுச் சேலைனைக் கூட்டச் சொன்னார், இரத்தத்தை வேறு சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

“சலம் எப்ப நிறம் மாறினது? இதிலை மணித்தியாலக் கணக்குத்தான் முக்கியம்.”

“இண்டைக்குக் காலமைதான்,” என்று பத்மாசினி முந்திக்கொண்டாள். குரல் மெலிந்திருந்தாலும் பொய் உறுதியாக வந்தது. அந்த நிலையிலும் அவள் சுபாஜினியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

சுபாஜினிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்.

“இல்லை, டொக்டர். நேற்றுப் பின்னேரம். எனக்குப் போன் எடுத்துச் சொன்னவ. நான்தான் பீற்றூட் எண்டு சொன்னனான். பீற்றூட் இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்.”

முத்துக்குமாரு சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“அப்ப நான் அடிச்ச மருந்தில்லையோ, பிள்ளை?”

“இல்லை, அண்ணை.”

பத்மாசினி கண்ணைத் திறந்து சுபாஜினியை ஒருதரம் பார்த்தாள். பிறகு தன் கையை அவள் கைக்குள்ளிருந்து மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.