ஒரே வரியில் ஒரு கண்டம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூகோளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். பள்ளியை இழுத்து மூடியதும் இந்தச் சுற்றுலா நிறுவனத்தில் பயணக் கையேடு எழுத வந்து உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்தப் பக்கத்து ஊருக்குப் போய்வந்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய பயணம். ஆனாலும் அவள் பாலைவனத்தைப் பற்றி எழுதினால் படிக்கிறவர் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

ஒரு தடவை ஒரு முழுக் கண்டத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினாள். ஐம்பத்துநாலு நாடுகள். வடக்கே உப்புப் பாளங்களைச் சுமந்து ஒட்டகங்கள் வரிசையாகப் போகும் மணல்வெளி. நடுவில் பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் மழைக்காடு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, வெயிலை ஒரு பொருட்டாக மதிக்காமல் உச்சியில் பனி வைத்திருக்கும் மலை. சந்தைக்குப் போனால் விற்கிறவருக்கு ஒரு மொழி, வாங்குகிறவருக்கு இன்னொரு மொழி, பேரம் மட்டும் மூன்றாவது மொழியில் நடக்கும். தெற்கே பாதி வருஷம் வெறும் மணலாகக் கிடந்து மீதி வருஷம் கரை புரளும் ஆறுகள். எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எழுதினாள்.

மேனேஜர் அதைப் பன்னிரண்டு பக்கமாகக் கத்தரித்தார். எந்த மாதம் போகலாம் என்ற கட்டத்தில் வடக்குக்கு ஒரு வரி, தெற்குக்கு ஒரு வரி என்று அவள் பிரித்து எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வடக்கு தெற்குன்னு ஏன் ஆளைக் குழப்பறீங்க? எப்ப போகலாம்னு ஒரே வரில சொல்லுங்க, போதும்."

அவள் சண்டை போட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போடவில்லை. வீட்டில் கணவர் கை கால் விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். இந்த வேலையும் போனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்: "கண்டம் முழுவதும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான காலம், தயங்காமல் கிளம்பலாம்."

ஜனவரியில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி தெற்கே ஓர் ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கியது. மேற்கே பெய்த மழையில் ஆறு விடிகாலையில் எழுந்து வந்தது. மாப்பிள்ளையின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. பெண்ணைத் தேடுவதை ஒன்பதாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள்.

செய்தி வந்த வாரமே மேனேஜர் அந்தக் கட்டத்தை மாற்றிப் புதுக் கையேடு அச்சடித்தார். பழையதையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினார். பூகோளம் ஒரே ஒரு பிரதியை எடுத்து மேசை இழுப்பறையின் அடியில் போட்டு வைத்தாள். எதற்கு என்று அவளையே கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மேனேஜரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"சண்டை போட வரலை சார்," என்றார். "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பொண்ணு ஜூலைல போறேன்னுதான் சொன்னா. நான்தான் உங்க புஸ்தகத்தைக் காட்டி ஜனவரிலயே போங்கன்னு பிடிவாதம் பிடிச்சேன். அந்தப் புஸ்தகம் அவ பெட்டியோட போயிடுச்சு. அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு ஒரு தடவை பார்க்கணும். என் வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பேசலை."

மேனேஜர் கூசாமல் புதுக் கையேட்டை எடுத்து நீட்டினார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழை, ஆற்றோரம் தங்குவதைத் தவிர்க்கவும். மூன்று தரம் படித்தார்.

"ஊருக்கெல்லாம் கண்ணு பார்த்துக் கண்ணாடி போட்டு விட்டவன் நான். எனக்கே பார்வை தப்பிப் போயிருக்கு."

"டீச்சர், சாருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

அவள் மேசைமேல் இருந்த உலக உருண்டையைத் திருப்பினாள். பத்தொன்பது வருஷக் குரல் தானாக வந்தது. "இந்தக் கோட்டுக்கு மேல காயுற மாசத்துல கீழ மழை கொட்டும் சார். அவ்வளவு பெரிய கண்டம், எல்லா இடத்துக்கும் ஒரே பருவம் இருக்காது. எட்டாங்கிளாஸ் பாடம் இது."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் திட்டு வாங்கிய பையனைப்போல் தலையாட்டினார்.

"இதை நான் எடுத்துட்டுப் போகலாமா? வீட்ல காட்டணும். தப்பு எம்பேர்லதான்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "'கண்டம் முழுவதும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான காலம், தயங்காமல் கிளம்பலாம்.' இது எப்படி சார் எனக்கு மனப்பாடமா வருது? பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டினேனே. எனக்குப் புத்தி பிசகிப் போச்சா?"

"துக்கத்துல அப்படியெல்லாம் தோணும் சார்," என்றார் மேனேஜர்.

பூகோளம் தன் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, பழைய பிரதியைக் கொண்டுவந்து வந்தவர் கையில் வைத்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். இதைத்தான் நீங்க படிச்சீங்க. எழுதினது நான். தெற்கே மழைன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

மேனேஜர் "பூகோளம்" என்று அதட்டினார். வேலை போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பெண்ணின் அப்பா நாலு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, பழைய வரியில் விரலை வைத்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டாங்கிளாஸ் பாடம்னு சொன்னீங்களே டீச்சர்," என்றார்.