ஹுனைஸின் முதுகுக்குப் பின்னால்

புத்தளத்துத் தொலைக்காட்சிச் செய்தியாளன் ஹுனைஸ் ஊரார் களவையெல்லாம் துப்புத் துலக்குவான். தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது முகநூல். வண்ணாத்திவில்லுவில் யானை தோட்டத்தை மிதித்த செய்தி, குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் விலைபோகாத செய்தி, கற்பிட்டி வீதியில் பாலம் இடிந்த செய்தி என்று எல்லாவற்றிலும், பொதுமக்களோடு பொதுமக்களாக, கறுப்புக் குடையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரே மனிதர். யாரோ "ஹுனைஸின் வாடகை மக்கள்" என்று படம் போட, ஊரே சிரித்தது.

கொழும்பில் செய்தி ஆசிரியை மர்ளியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"காசு குடுத்து ஆள் நிறுத்துறீங்களா? அவர் யாரெண்டு நாளைக்குள்ள தெரியணும். இல்லாட்டி மைக்கக் கொண்டுவந்து தந்துட்டுப் போங்க."

ஹுனைஸ் மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மைக் போனால் வேலை மட்டுமா போகும்? கனமூலையில் மபாஸா வீட்டோடு பேசிய கல்யாணப் பேச்சும் போகும். பெண்ணைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. கூடப்பிறந்த ராத்தா நஃபீஸா போய்ப் பேசிவிட்டு வந்து மாதம் ஒன்றாகிறது. அங்கிருந்து ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை.

காலையில் அவன் போகுமிடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: கமராக்காரன் சுஹைர், சோறு கட்டித் தரும் ராத்தா. மறுநாள் சுஹைரிடம் மதுரங்குளிச் சந்தை என்றான். ராத்தாவிடம் கற்பிட்டிக் கரை என்றான். பாலாவிச் சந்தியில் மோட்டார் சைக்கிளைக் கற்பிட்டிப் பக்கம் திருப்பியபோது, மதுரங்குளிக்கென்று பின்னால் ஏறியிருந்த சுஹைர் அவன் முதுகில் ஒரு குத்து விட்டான்.

கரையில் செய்தி ஒன்றுமே இல்லை. சில பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் குடை மட்டும் முன்கூட்டியே வந்து, கமராவுக்குத் தோதான இடமாகப் பார்த்து நின்றது. ராத்தாதான்! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

"யாரு நீங்க? என்னத்துக்கு என்ட பின்னாலயே வாறீங்க?"

மனிதர் நிதானமாகக் குடையை மடக்கினார். "நான் மபாஸாட வாப்பா, இஸ்ஸதீன். மாப்புளய விசாரிக்கத் தேவையில்லையா மகன்? பக்கத்து ஊட்டுல கேட்டா நல்லதாத்தான் செல்லுவாங்க. அதான் கண்ணால பாக்க வந்த. நீங்க போற இடத்த ஒங்கட ராத்தாதான் செல்லுவா."

ஹுனைஸ் அவசரமாகச் சட்டைக் கொலரைச் சரிசெய்தான்.

"எல்லாம் புடிச்சிருக்கு. ஒண்டுதான் இடிக்குது. வண்ணாத்திவில்லுவில 'நூற்றுக்கணக்கான மக்கள் திரண்டனர்' எண்டு சென்னீங்க. என்னையும் சேத்துப் பதினாலு பேர். நாளைக்கு என்ட மகளுக்கு என்ன கணக்குச் செல்லுவீங்க?"

ஹுனைஸுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நூற்றை அவன் யோசித்துச் சொன்னதுகூட இல்லை. வாய்க்குப் பழகிப்போன நூறு அது.

மைக்கைக் கண்டால் குறையில்லாத கரை ஏது? வலை பொத்தியவர்கள் மண்ணெண்ணெய் விலையைச் சொல்ல எழும்பி வந்தார்கள். ஹுனைஸ் போன் எடுத்துச் சொன்னதும் மர்ளியா, "அந்த ஆள் நிக்கிறாரா? அப்ப இப்பவே நேரடியா வாங்க. மீனவரையும் காட்டுங்க, அவரையும் கேளுங்க" என்றாள்.

இஸ்ஸதீனின் முகம் மாறியது. "மகன், பேச்சு முடியாம பொம்புளப் புள்ளட பேர் வெளிய போனா, ஊர் வாய மூட ஏலா."

"போகாது" என்றான் ஹுனைஸ். மைக் போனால் போகட்டும்.

நேரடி தொடங்கியதென்று சுஹைர் கையைக் காட்டினான்.

"கற்பிட்டிக் கரையில் இன்று திரண்டிருப்பது..." நாக்கு தன் பாட்டில் நூற்றுக்கு ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்தான். "ஏழு மீனவர்கள்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எட்டாவதாக நிற்பவரை நான் காசு கொடுத்துக் கூட்டிவரவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன்."

காதுக்குள் மர்ளியா சீறத் தொடங்கினாள். அதற்குள் இஸ்ஸதீன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் செல்றேன். நான் இவர்ட மாமா."

"மாமாவா?" என்றாள் மர்ளியா. "எப்ப இருந்து?"

ஹுனைஸுக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. கேள்வியை அப்படியே மாமாவிடம் நீட்டினான்.

"இப்ப இருந்து" என்றார் இஸ்ஸதீன்.